மார்கழிப் பனியில் எரியும் பிரேக் விளக்கு

மார்கழி பிறந்து நாலைந்து நாள் போனதும் எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஒரே புகாரைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். காலையில் வண்டியை எடுத்தால் டேஷ்போர்டில் சிவப்பாக பிரேக் விளக்கு எரிகிறது, வெயில் ஏறியதும் தானாக அணைந்துவிடுகிறது. பனிக்குத் தொண்டை கட்டிக்கொள்வது போல வண்டிக்கும் ஏதோ ஆகிறது, பொங்கல் கழிந்தால் சரியாகிவிடும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பல வண்டிகளில் அப்படியே ஆகவும் செய்கிறது. மாசியில் விளக்கு எரிவதில்லை. எனக்குப் பயமே அங்கேதான்.

என் சித்தப்பாவின் காரும் அப்படித்தான் இருந்தது. இராப்பத்து நாட்களில் ஒருநாள் ஸ்ரீரங்கம் போகலாம் என்று மன்னார்குடியிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். கண்ணாடி முழுக்கப் பனி. தெருக்கோடிக் கோயிலில் திருப்பாவை போட்டுவிட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு மட்டும் நின்றது. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கிப் பார்த்தேன், போகவில்லை.

"பனிக்கு அப்படித்தான்டா எரியும். நீடாமங்கலம் தாண்டுனா அணைஞ்சுடும், நீ எடு" என்றார் சித்தப்பா.

பெடலை மிதித்துப் பார்த்தேன். உயரமாக, கெட்டியாக நின்றது. அதனால் மெதுவாக எடுத்தேன். அவர் சொன்னபடியே நீடாமங்கலம் நெருங்கும்போது விளக்கு அணைந்தது. அப்புறம் ஆற்றங்கரை வளைவு ஒன்றில் திரும்பும்போது ஒரு கணம் எரிந்து மறுபடி அணைந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. டீக்கடை வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன்.

அங்கே என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லும் முன், அந்த விளக்கை எரிய வைப்பது எது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே விளக்கு, மூன்று வாய்கள்

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் சிவப்பு பிரேக் விளக்கு ஒன்றுதான். அதை எரிய வைக்கும் இடங்கள் பல.

முதலாவது ஹேண்ட்பிரேக். லீவரின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. லீவரைத் தூக்கினால் அது சுற்றை எர்த்தோடு சேர்த்து விளக்கை எரிய வைக்கும். லீவர் அடிவரை இறங்கி சுவிட்சின் முனையை அழுத்தினால் அணையும். லீவர் அரை விரல் அளவு மேலே நின்றாலும் போதும், விளக்கு அணையாது.

இரண்டாவது பிரேக் ஆயில் டப்பா. பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம் பின்சுவரை ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குள் தள்ளுவது இதுதான்) தலையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. அதன் பக்கவாட்டில் மேக்ஸ் (MAX, மேல் எல்லை), மின் (MIN, கீழ் எல்லை) என்று இரண்டு கோடுகள் இருக்கும். உள்ளே ஒரு மிதவை. பல வண்டிகளில் மிதவையின் அடியில் சிறு காந்தமும், டப்பாவின் அடியில் காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சுவிட்சும் இருக்கும். ஆயில் இறங்க மிதவை இறங்கும், காந்தம் நெருங்கும், சுவிட்ச் ஒட்டும், விளக்கு எரியும். சில வண்டிகளில் இந்த ஏற்பாடு மூடியிலேயே இருக்கும். மிதவைக்குத் தெரிந்தது ஆயிலின் உயரம் மட்டும்தான். ஏன் இறங்கியது என்பது அதற்குத் தெரியாது.

மூன்றாவது ஏபிஎஸ் கம்ப்யூட்டர். கடுமையாக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் ஏபிஎஸ். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கென்று தனியாக மஞ்சள் விளக்கு உண்டு. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையையும் அதே கம்ப்யூட்டர்தான் செய்கிறது. அந்தப் பங்கீடு தடைபட்டால் மஞ்சளோடு சிவப்பும் சேர்ந்து எரியும். இரண்டும் சேர்ந்து எரியும்போது கடுமையாக பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழல வாய்ப்புண்டு. பெடல் எப்போதும் போலத்தான் இருக்கும், அதை நம்பி வேகமாகப் போகக் கூடாது.

இந்த மூன்றில் பனிக்காலத்தோடு நேரடி உறவு உள்ளது இரண்டாவதுக்கு. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எட்டு மில்லிலிட்டர் கணக்கு

சூடேறினால் விரிவதும் குளிர்ந்தால் சுருங்குவதும் எல்லா திரவத்துக்கும் உள்ள குணம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே கிடையாது. கிளைகால் ஈதர் வகையைச் சேர்ந்த திரவம். ஒரு டிகிரிக்கு அது தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். நீர் இந்த வெப்ப அளவில் சுருங்குவதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல்.

டப்பாவுக்குள்ளும் அதை ஒட்டியும் 200 மில்லிலிட்டர் ஆயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி ஓடி நின்றபின் பானெட்டுக்குள் 60 டிகிரி சூடு. டெல்டாவில் மார்கழி, தை விடியலில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். வித்தியாசம் 40 டிகிரி. இருநூறில் ஆயிரத்தில் நாற்பது பங்கு என்றால் 8 மில்லிலிட்டர். ஒன்றரை ஸ்பூன்.

இப்போது தேய்மானத்தின் கணக்கு. முன் சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் பேட்கள் கவ்வுகின்றன. கவ்வ வைப்பது, பேட்களைத் தாங்கி நிற்கும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன். பேட் தேயத் தேய பிஸ்டன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை, தேய்ந்த அளவுக்கு வெளியே வந்து நிற்கும். அது விட்டுவந்த காலி இடத்தை டப்பாவிலிருந்து ஆயில் போய் நிரப்பும். பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பேடும் 1 மில்லிமீட்டர் தேயும்போது பிஸ்டன் 2 மில்லிமீட்டர் வெளியே வரும். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 4 மில்லிலிட்டர், இரண்டு சக்கரத்துக்கும் 8.

இரண்டு எட்டும் ஒன்றாக வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஒரு மார்கழி இரவு செய்யும் வேலையும், பேட் எல்லாம் ஒரு மில்லிமீட்டர் தேய்வது செய்யும் வேலையும் மிதவையின் கண்ணுக்கு ஒன்றே. புதுப் பேட் போட்ட வண்டியில் ஆயில் மேக்ஸ் கோட்டில் நிற்கும். அதில் எட்டு மில்லிலிட்டர் குறைந்தால் மிதவைக்கு உறைக்காது. பேட் எட்டு மில்லிமீட்டர் தேய்ந்து, அறுபது மில்லிலிட்டருக்கு மேல் காலிபருக்குள் போய்விட்ட வண்டியில் ஆயில் மின் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஒன்றரை ஸ்பூன் சுருங்கினால் காந்தம் நெருங்கி சுவிட்ச் ஒட்டிவிடும். இன்ஜின் சூடாகி அரை மணி நேரத்தில் ஆயில் விரிந்து மேலே வந்தால் விட்டுவிடும். காலையில் எரிந்து வெயிலில் அணைவதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆக, பனி அந்த விளக்கைக் காரணமில்லாமல் எரிய வைக்கவில்லை. சித்திரையில் எரிய வேண்டியதை மார்கழியிலேயே காட்டிக்கொடுத்திருக்கிறது. மாசியில் அணைந்திருப்பது சரியாகிவிட்டதால் அல்ல, ஆயில் விரிந்திருப்பதால். பேட் தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

நீடாமங்கலத்துப் பக்கம் வளைவில் ஒரு கணம் எரிந்ததும் இதே காரணத்தால்தான். வண்டி திரும்பும்போது டப்பாவுக்குள் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். தளும்ப நிறைந்திருந்தால் மிதவை அசைந்தாலும் முங்காது. அடிமட்டத்தில் இருந்தால் ஆயில் ஒதுங்கிய கணத்தில் மிதவை தரையைத் தொட்டுவிடும்.

எப்போது எரிகிறது என்பதைக் கேளுங்கள்

மெக்கானிக்கிடம் "லைட்டு எரியுது" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எப்போது எரிகிறது என்று சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

திரும்பும்போது, சடாரென்று பிரேக் போடும்போது, பாலத்தின் ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் எரிந்தால் ஆயில் மட்டம். ரோட்டுக் குண்டு குழியில் குதிக்கும்போது மினுக்கினால் ஹேண்ட்பிரேக் சுவிட்சோ, வயர்களை இணைக்கும் கப்ளர் தளர்ந்ததோ. லீவரைக் கையால் கீழே அழுத்திப் பிடியுங்கள். அணைந்தால் சுவிட்சின் வேலை. சாவி போட்டதிலிருந்து இறங்கும்வரை ஒரே சீராக எரிந்தால் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அப்போது ஆயில் டப்பாவின் அடியில் இருக்கும் இரட்டை வயர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் கழற்றியதும் விளக்கு அணைந்தால் பிரச்சினை டப்பாவின் பக்கம். அணையாவிட்டால், மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரியாதவரை, ஹேண்ட்பிரேக் பக்கம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் சில புது வண்டிகளில் வயரைக் கழற்றினாலே விளக்கு எரியும் என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ஸ்டார்ட் செய்த உடனே மஞ்சளும் சிவப்பும் பேட்டரி விளக்கும் கூட்டமாக எரிந்து, வண்டியை அணைத்து மறுபடி போட்டால் எல்லாம் போய்விடுகிறதா? பேட்டரியைப் பாருங்கள். வயதான பேட்டரி காலையில் இன்ஜினைச் சுழற்றித் திணறும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், ஏபிஎஸ் கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக எழுதி வைத்துக்கொள்ளும்.

சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லை என்றால்? அதுதான் எல்லாவற்றிலும் மோசம். சாவி போட்டதும் ஒருமுறை எரிந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஓயாமல் எரிந்த விளக்கை, வண்டியை விற்பவர் சரி செய்திருக்கலாம், அல்லது வயரைக் கழற்றிவிட்டிருக்கலாம்.

விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே செய்யக்கூடியது பெடல் சோதனை. கெட்டியாக, வழக்கமான உயரத்தில் நின்றால் மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். பஞ்சுபோல அமுங்கினால் லைனில் காற்று. மிதித்தபடி அரை நிமிடம் வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போயிருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. இந்த இரண்டிலும் வண்டியை எடுக்காதீர்கள். நம் கார்களில் பிரேக் லைன் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் இன்னொன்று நிற்க வைக்கும். ஆனால் நிற்கும் தூரம் கூடிவிடும். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்விளக்கில்லாமல் போகிற நம் சாலைகளில் அந்தத் தூரத்துக்கு இடம் கிடையாது.

டெல்டாவின் ஈரம்

உதகையிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழும் இரவுகளில் ஹேண்ட்பிரேக் கேபிளுக்குள் புகுந்த நீர் பனிக்கட்டியாகி இறுகிவிடுவது உண்டு. நமக்கு அந்தக் குளிர் கிடையாது. நமக்கு இருப்பது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, தையில் அறுவடை. மூன்றும் பிரேக்கை ஒவ்வொரு விதமாகத் தொடுகின்றன.

மழையில் தண்ணீர் நின்ற சாலையைக் கடந்து வந்து, வீட்டு வாசலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் வெளியே எடுக்காமல் இருந்தால், பின் சக்கரத்தின் டிரம்முக்குள் அதை உரசி நிறுத்தும் ஷூ துருவால் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கேபிளின் உறைக்குள் புகுந்த நீர் அதையும் துருப்பிடிக்க வைக்கும். கேபிள் இறுகினால் லீவர் அடிவரை இறங்காமல் நிற்கும், விளக்கும் எரியும். இது சுவிட்சின் கோளாறு என்று நினைத்து சுவிட்சை மாற்றுகிறவர்கள் உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. சமதளமான நம் ஊரில் மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாக வண்டியை கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தாலே போதும்.

பனியில் நனைந்த டிஸ்க் விடிவதற்குள் மேலோட்டமாகச் செம்பழுப்புத் துரு பூசிக்கொள்ளும். முதல் நாலைந்து பிரேக்கில் 'கர்ர்' என்று சத்தம் வந்து போய்விடும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கப்ளர்களுக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிகளில் கப்ளர் முனைகள் பச்சை பூத்துவிடும். அதன்மேல் பனி ஈரம் படிந்தால் மின்சாரம் போகக் கூடாத வழியில் கொஞ்சம் கசியும். காலையில் எரிந்து வெயிலில் அணையும் விளக்குக்கு இரண்டாவது காரணம் இது. ஆயில் மேக்ஸ் கோட்டில் இருக்கிறது, பேட்டும் புதிது, ஆனாலும் எரிகிறது என்றால் கப்ளரைக் கழற்றித் துடைத்து, மின்முனைகளுக்கான ஸ்பிரே அடித்துப் பாருங்கள்.

அறுவடைக் காலத்துக்கு இரண்டு தொல்லை. சாலையில் பரப்பிக் காயவைத்த வைக்கோல் மேல் ஓட்டிப் போனால் தாள்கள் அச்சில் சுற்றிக்கொண்டு சக்கரத்துக்குப் போகும் ஏபிஎஸ் வயரை இழுத்துவிடும். சைலன்சர் சூட்டில் வைக்கோல் தீப்பிடிக்கும் ஆபத்து அதைவிடப் பெரிது. சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றியே போங்கள். இன்னொன்று எலி. வயலில் அறுப்பு முடிந்ததும் தங்குமிடம் தேடி வரும் எலிகளுக்கு, குளிர் இரவில் இதமாக இருக்கும் இன்ஜின் பகுதி நல்ல வீடு. வயரின் உறையைக் கடித்து, உள்ளே செம்பு தெரியும்படி விட்டுவிட்டுப் போகும். பானெட்டுக்குள் வைக்கோல் துணுக்கும் நெல் உமியும் கண்ணில் பட்டால் விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள், வயர்களைத் தடவிப் பாருங்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க மார்கழி தோதில்லாத மாதம். வண்டிக்கு அடியில் எல்லாமே நனைந்திருக்கும், எது பனிநீர் எது ஆயில் என்று தெரியாது. இரவில் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் பழைய தினத்தாளை விரித்து வையுங்கள். பனி நீர் காய்ந்தால் தடம் இருக்காது. பிரேக் ஆயில் காயாமல் வழவழப்பாக நிற்கும். பின் சக்கர டயரின் உட்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். வெளியே எங்கும் ஒழுகலே இல்லை, பேட்டும் தேயவில்லை, ஆயில் மட்டும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்முனை வழியாக, பெடலின் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம். அதைக் கழற்றினால்தான் தெரியும்.

விளக்குக்குத் தெரியாதவை

இவ்வளவு சொன்னபின், இந்த விளக்கை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிலின் தரம் கெட்டால் அது எரியாது. லைனில் காற்று இருந்தால் எரியாது. அதற்கு உயரம் மட்டும்தான் தெரியும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. டாட் 4க்கு 230. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 என்று விழுந்துவிடும். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் நிற்கிற நம் வண்டிகள் ஈரத்துக்குள்ளேயே வாழ்கின்றன. சமதளத்தில் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது, இங்கே பிரேக் அந்த அளவு சூடாவதில்லை.

தெரியவரும் இடம் மலை இறக்கம். பொங்கல் விடுமுறைக்கு உதகைக்குப் போகும் டெல்டா வண்டிகளை எண்ணிப் பாருங்கள். விடியலில் அங்கே வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். நம் ஊரில் ஒருநாளும் எரியாத விளக்கு அங்கே எரியக்கூடும், அதே சுருக்கக் கணக்குதான். அதைப் பார்த்து யாரோ கொஞ்சம் ஆயில் ஊற்றிவிடுவார்கள், விளக்கு அணைந்துவிடும். அணைந்த விளக்கோடு, தேய்ந்த பேடோடு, மூன்று நாலு வருடம் ஈரம் குடித்த ஆயிலோடு மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கத் தொடங்குவார்கள். தேய்ந்த பேட் மெல்லியதாக இருப்பதால் டிஸ்க்கின் சூடு சீக்கிரமாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். ஆயிலில் இருக்கும் நீர் கொதித்து ஆவிக்குமிழ் ஆகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அப்போதும் அந்தச் சிவப்பு விளக்கு எரியாது. ஏனென்றால் டப்பாவில் ஆயில் நிறைந்திருக்கிறது.

ஆகவே மலைக்குப் போகும் முன் ஆயிலைப் பாருங்கள். புது ஆயில் மெல்லிய தேன் நிறம். ஈரமும் அழுக்கும் சேர்ந்தது காபி டிகாஷன் நிறம். நிறம் நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுவது நல்லது. இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினின் இழுவையிலேயே இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

ஆயில் ஊற்றுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடியில் எழுதியிருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, நம் கார்களில் இருப்பதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 வேறு, அது கிளைகால் வகைதான். பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஒரு சொட்டு ஊற்றினாலும் ரப்பர் எல்லாம் உப்பி, பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். போன வருடம் திறந்து கொட்டகையில் வைத்த பாதி டப்பா வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துடையுங்கள். பனி கொட்டும்போது திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள். பெயின்ட்டில் சிந்தினால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில், பேடைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஊற்றினால் விளக்கு அணையும், பேட் தேய்ந்துகொண்டே போகும், கடைசி எச்சரிக்கையையும் நாமே வாயடைத்ததாகிவிடும்.

அன்று டீக்கடை வெளிச்சத்தில் சித்தப்பாவின் கார் ஆயில் மின் கோட்டுக்கு ஒரு நெல்மணி அளவு கீழே நின்றது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்தேன். வெளிப் பேட் பார்க்க நன்றாக இருந்தது. குனிந்து உள் பேடைப் பார்த்தபோது இரும்புத் தகட்டின்மேல் ஒட்டியிருந்தது இரண்டு மில்லிமீட்டர்தான். மூன்றுக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். காலிபர் சறுக்கி நகர வேண்டிய பின்கள் சேறு புகுந்து இறுகியிருந்ததால் உள் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது என்பது பிறகு கழற்றியபோது தெரிந்தது. வெளியே மட்டும் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று எழுந்திருந்தால் தவறியிருப்போம்.

டப்பாவின் பக்கவாட்டில் ஆயில் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தேன். ஸ்ரீரங்கத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சித்தப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. முப்பது, நாற்பதுக்கு மேல் போகாமல் திரும்பினோம். பத்து மணிக்கு ஒர்க்ஷாப் திறந்ததும் நான்கு பேடும் மாற்றி, பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நான் டப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். காலிபருக்குள் போயிருந்த ஆயில் திரும்பி வந்து, நான் போட்ட கோட்டைத் தாண்டி மெதுவாக ஏறியது. மெக்கானிக் தம்பி ஆயில் டின்னை எடுத்து வரப் போனவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிட்டார். ஒரு சொட்டுகூட ஊற்றாமல் மேக்ஸ் கோட்டுக்கு வந்து நின்றிருந்தது. சித்தப்பா குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாக் கோட்டையும் மேக்ஸ் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.